மொய் நோட்டில் ஒரு காண்டிராக்டர்

கேள்வி: ஐயா, நான் மாநகராட்சியில் உதவிப் பொறியாளர். வேலைக்குச் சேர்ந்து நாலு வருடம் ஆகிறது. வடசென்னையில் ஒரு மண்டலத்தில் மழைநீர் வடிகால், சாலை வேலைகளைப் பார்க்கிறேன். போன மாதக் கடைசியில் என் மகளுக்குக் காதுகுத்து. திருவொற்றியூர் வடிவுடையம்மன் கோயிலில் முடித்துவிட்டு, பக்கத்து மண்டபத்தில் சாப்பாடு போட்டோம். என் டிவிஷனில் வடிகால் வேலை எடுத்திருக்கும் காண்டிராக்டர் வந்து 10,001 ரூபாய் மொய் எழுதினார். போகும்போது அம்மா கையில் ஒரு வெள்ளிக் குத்துவிளக்கையும் கொடுத்துவிட்டுப் போனார். அவரும் என் அப்பாவும் ஒரே தெருவில் வளர்ந்தவர்கள். சின்ன வயதிலிருந்து அவரை ‘மாமா’ என்றுதான் கூப்பிடுகிறேன். இந்த வாரம் அவருடைய பில் என் மேசைக்கு வந்திருக்கிறது. “மொய் கடன்தானே, அவர் பொண்ணு கல்யாணத்துல திருப்பிச் செஞ்சா போச்சு” என்கிறார் அப்பா. 5,000 வரைக்கும் பிரச்சினை இல்லை, மீதியை மட்டும் கொடுத்துவிடு என்கிறார்கள் ஆபீஸில். விளக்கை ஏற்றியாகிவிட்டது, திருப்பிக் கொடுக்கக் கூடாது என்கிறார் அம்மா. இதற்கு நடுவில், என் தம்பியின் டிப்பர் லாரியை மாத வாடகைக்கு எடுத்துக்கொள்வதாகவும் மாமா சொல்லி அனுப்பியிருக்கிறார். நான் அவரிடம் எதுவும் கேட்கவில்லை, அவரும் கேட்கவில்லை. பில்லைச் சரியாகத்தான் போடப்போகிறேன். இதில் தப்பு இருக்கிறதா?

— பெயர் வேண்டாம், தண்டையார்பேட்டை

பதில்:

அன்புள்ள தங்கைக்கு,

கடைசி வரியிலிருந்தே ஆரம்பிக்கிறேன். தப்பு இருக்கிறது. இன்னும் சரிசெய்யக்கூடிய தப்புதான். ஆனால் அந்த பில்லில் நீங்கள் கையெழுத்துப் போட்டுவிட்டால் அப்புறம் கஷ்டம்.

லஞ்சம் என்றதும் நம் எல்லோருக்கும் பேப்பரில் படிக்கும் அந்தக் காட்சிதான் ஞாபகம் வரும். ரசாயனப் பவுடர் தடவிய நோட்டு, மறைந்து நிற்கும் போலீஸ், கையை விட்டதும் ரோஸ் நிறமாகும் சோடா கரைசல். அது கேட்டு வாங்கும்போது பிடிபடுகிறவர்களின் கதை. நீங்கள் கேட்கவில்லை, அதனால் அந்தக் கதைக்கும் உங்களுக்கும் சம்பந்தமில்லை என்று நினைக்கிறீர்கள். உங்கள் விஷயத்தில் பவுடருக்கு வேலையே இல்லை அம்மா. மஞ்சள் தடவிய மொய் நோட்டே போதும்.

என்னிடம் வந்த ஒரு கேஸைச் சொல்கிறேன். ஊரும் பதவியும் வேண்டாம். உள்ளாட்சி ஊழியர் ஒருவர், வீட்டில் மகளுக்குச் சடங்கு வைத்திருந்தார். வேலை கிடைக்காத இன்னொரு காண்டிராக்டர் மொட்டைக் கடிதாசி போட்டு, துறை விசாரணை வந்தது. “மொய் எழுதியவர்களில் காண்டிராக்டர் இருந்தது எனக்குத் தெரியாது, கூட்டத்தில் கவனிக்கவில்லை” என்று என்னிடம் வருவதற்கு முன்னாலேயே விளக்கம் எழுதிக் கொடுத்திருந்தார். விசாரணை அதிகாரி மொய் நோட்டைக் கொண்டுவரச் சொன்னார். அதை எழுதியது இவருடைய சொந்தப் பெரியப்பா. நம் பக்கம் மொய் எழுதும்போது வெறும் பெயரை யார் எழுதுகிறார்கள்? ஒரு விசேஷத்துக்கு நாலு குமார், அஞ்சு ரவி வருவார்கள். ‘குமார், ஐஸ் கம்பெனி’, ‘ரவி, மீன் ஏலம்’, ‘ரவி, ஹார்பர்’ என்று அடையாளம் போட்டால்தான் நாளைக்குத் திருப்பிச் செய்ய முடியும். பெரியப்பா அந்த ஒரு பெயருக்கு நேராக முத்து முத்தான கையெழுத்தில் ‘ரோடு காண்டிராக்ட்’ என்று எழுதி வைத்திருந்தார். என் கட்சிக்காரரின் விளக்கம் அந்த இரண்டு வார்த்தையில் முடிந்துபோனது. மொய் வாங்கியதைவிட, தெரியாது என்று எழுதிக் கொடுத்ததுதான் அவருக்கு அதிகம் வினையானது.

ஆகவே முதலில் உங்கள் மொய் நோட்டை எடுத்து அந்தப் பக்கத்தைப் பாருங்கள். என்ன எழுதியிருந்தாலும் சரி, கிழிக்காதீர்கள், அடிக்காதீர்கள், வேறு நோட்டில் காப்பி எடுத்துப் பழையதை மறைக்காதீர்கள். அந்த நோட்டு உங்களுக்கே உதவப்போகிறது, கீழே சொல்கிறேன்.

இனி சட்டம். ஊழல் தடுப்புச் சட்டம் 1988ல் வந்தது, 2018 ஜூலையில் பெரிய அளவில் திருத்தப்பட்டது. உள்ளாட்சி அமைப்பின் சம்பளம் வாங்கும் ஒவ்வொருவரும் அதன்படி பொது ஊழியர்தான். எல்லோரும் பேசுவது லஞ்சம் வாங்குவதைப் பற்றிய 7ஆம் பிரிவை. குறைந்தது 3 வருடம், அதிகபட்சம் 7 வருடம் சிறை. நீங்கள் படிக்க வேண்டியது 11ஆம் பிரிவு. தன் அலுவல் சம்பந்தப்பட்ட ஒருவரிடமிருந்து, இனிமேல் சம்பந்தப்படக்கூடிய ஒருவரிடமிருந்து என்றாலும்கூட, ஒரு பொது ஊழியர் விலை கொடுக்காமலோ போதாத விலைக்கோ தனக்காகவோ வேறு யாருக்காகவோ ஆதாயம் பெற்றால், 6 மாதம் முதல் 5 வருடம் வரை. பதிலுக்கு ஏதாவது செய்து கொடுத்தாரா என்ற கேள்வியே இதில் கிடையாது. மொய் எழுதிய அன்றைக்கு பில் வரவில்லையே என்பதும் நிற்காது, வரப்போகிறது என்று இரண்டு பேருக்கும் தெரியும். ‘வேறு யாருக்காகவோ’ என்பதற்குள் உங்கள் அம்மா கையில் வந்த விளக்கும் அடங்கும். 1973ஆம் வருடத்துத் தமிழ்நாடு அரசு ஊழியர் நடத்தை விதிகளும் பரிசு விஷயத்தில் ஊழியரையும் குடும்பத்தையும் சேர்த்தே பார்க்கின்றன. வீட்டில் யார் கை நீட்டி வாங்கினாலும் கணக்கு உங்கள் பெயரில்தான்.

“பில்லைச் சரியாகத்தான் போடப்போகிறேன்” என்று எழுதியிருக்கிறீர்கள். நம்புகிறேன். ஆனால் 7ஆம் பிரிவின் விளக்கத்திலேயே இதற்குப் பதில் இருக்கிறது. வேலையை ஒழுங்காகச் செய்திருந்தாலும், அதற்காக ஆதாயம் பெற்றதே குற்றம் என்கிறது அது. கேட்காமல் வந்தது என்பதற்கும் பதில் இருக்கிறது. நீரஜ் தத்தா வழக்கில் 2022 டிசம்பரில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு, ஊழியர் கேட்காமலேயே கொடுப்பவர் தானாக நீட்டி, ஊழியர் அதை வாங்கிக்கொண்டால் அதுவும் 7ஆம் பிரிவுக்குள் வரும் என்று தெளிவாகச் சொல்லிவிட்டது.

ஆபீஸில் சொன்ன 5,000 கணக்கு எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். மத்திய அரசு ஊழியர் நடத்தை விதிகளில் 13ஆவது விதியில் அப்படி ஒரு வரம்பு இருக்கிறது. 2019ல் உயர்த்தினார்கள். ஏ, பி பிரிவுக்கு 5,000, சி பிரிவுக்கு 2,000. அதற்கு மேல் போனால் அரசின் அனுமதி வேண்டும் என்பதற்கான கோடு அது. அதுவும் மத்திய அரசு ஊழியருக்கு. யாரோ ஒருவர் வாட்ஸப்பில் அனுப்ப, சென்னையில் இருக்கிற எல்லா ஆபீஸிலும் அது வேதவாக்காகிவிட்டது. ஊழல் தடுப்புச் சட்டத்தில் ‘இவ்வளவு வரை பரவாயில்லை’ என்ற தொகையே கிடையாது. 2018க்கு முன்னால், தொகை அற்பமாக இருந்தால் நீதிமன்றம் லஞ்சம் என்ற அனுமானத்தைக் கைவிடலாம் என்று 20ஆம் பிரிவில் ஒரு சின்னச் சந்து இருந்தது. திருத்தத்தில் அதையும் அடைத்துவிட்டார்கள். ஆகவே 5,001ஐ மட்டும் திருப்பிக் கொடுக்கிற யோசனையை மறந்துவிடுங்கள். அப்படிச் செய்தால், மீதியைத் தெரிந்தே வைத்துக்கொண்டதற்கு நீங்களே எழுதிக் கொடுத்த அத்தாட்சி ஆகிவிடும்.

அப்பா சொல்வதற்கு வருகிறேன், அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது என்பதால். மொய் என்பது இனாம் இல்லை. இன்றைக்கு நீ செய், நாளைக்கு நான் செய்கிறேன் என்று சுற்றிவரும் கைமாற்று. காசிமேட்டிலும் ராயபுரத்திலும் எத்தனையோ குடும்பங்கள் பேங்க் பக்கமே போகாமல் கல்யாணத்தை முடித்தது இந்தச் சுற்றில்தான். ஆனால் அந்தக் கைமாற்று நேராக நடப்பது இரண்டு பேரும் சமமாக இருக்கும்வரை. ஒருத்தர் பில் இன்னொருத்தர் மேசையில் இருக்கும்போது கடன் எந்த ரூபத்தில் திரும்பும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. அவர் மகள் கல்யாணம் எப்போதோ, உங்கள் கையெழுத்து இந்த வாரம். பிறகு மொய் செய்துவிட்டேன் என்று சொன்னால் விசாரணையில் அதைத் திருப்பிக் கொடுத்ததாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். கொடுக்கல் வாங்கல் தொடர்கிறது என்றுதான் எழுதுவார்கள்.

அன்பளிப்பாக வந்தது என்ற வாதம் பெரிய இடத்திலேயே எடுபடவில்லை. ஜெயலலிதா சொத்துக் குவிப்பு வழக்கில் பிறந்தநாள் பரிசுகளை வருமானமாகக் காட்டினார்கள். பொது ஊழியர் வாங்கிய அப்படிப்பட்ட பரிசு சட்டபூர்வ வருமானம் ஆகாது என்று 2017 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தள்ளிவிட்டது. நமக்கெல்லாம் காதுகுத்து மொய் எம்மாத்திரம்.

சின்ன வயதிலிருந்து மாமா என்பதற்கு விதிகளில் இடம் இல்லாமல் இல்லை. மத்திய விதிகளைப் பாருங்கள், நெருங்கிய உறவினரும் தனிப்பட்ட நண்பரும் விசேஷங்களில் செய்வதை ஏற்றுக்கொள்ளலாம் என்றுதான் இருக்கிறது, குறிப்பிட்ட தொகைக்கு மேல் போனால் தெரிவிக்க வேண்டும். ஆனால் ‘நண்பர்’ என்ற வார்த்தைக்குப் பக்கத்திலேயே ‘அலுவல் தொடர்பு இல்லாத’ என்று ஒரு நிபந்தனை ஒட்டிக்கொண்டிருக்கிறது. உங்கள் மாமா, டெண்டர் எடுத்த அன்றைக்கு அந்த நிபந்தனைக்கு வெளியே போய்விட்டார். பாசம் போகவில்லை, சலுகை போய்விட்டது. வழியில் பார்த்தால் ஒரு டீ, வண்டியில் ஒரு லிஃப்ட், இதையெல்லாம் அந்த விதிகள் பரிசாகவே எண்ணுவதில்லை. அடிக்கடி விருந்து என்று போனால்தான் தவிர்க்கச் சொல்கின்றன. ஆகவே அவர் வீட்டில் ஒருநாள் காப்பி குடித்ததற்கெல்லாம் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

ஏன் இத்தனை கெடுபிடி? தமிழில் இதற்கு ஒரு வார்த்தை இருக்கிறது, சட்டப் புத்தகத்தில் கிடைக்காது. முகதாட்சண்யம். நீங்கள் வடிகாலுக்குள் இறங்கி அளவெடுப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். ட்ராயிங்கில் சுவர் 20 சென்டிமீட்டர். டேப் ஓர் இடத்தில் 18 காட்டுகிறது. மேலே மாமா குடையோடு நிற்கிறார், “வெயில்ல ஏம்மா கஷ்டப்படுற, மேல வா” என்கிறார். தெரியாத காண்டிராக்டராக இருந்தால் 18 என்று எம் புக்கில், அதாவது அளவுப் பதிவேட்டில், எழுதிவிட்டு ஏறி வந்திருப்பீர்கள். இப்போது டேப்பைக் கொஞ்சம் சாய்த்துப் பிடிக்கலாமா என்று கை கேட்கும். பணத்துக்காக அல்ல, குழந்தை கழுத்தில் மாலை போட்டு ஆசீர்வாதம் செய்த மனுஷர் என்பதற்காக. இதற்கு நேர்மாறாகவும் நடக்கும், அதையும் பார்த்திருக்கிறேன். நம்மேல் சந்தேகம் வரக்கூடாது என்று, நியாயமான பில்லைக்கூட நாலு தடவை திருப்பி அனுப்புவார்கள். அது அவருக்குச் செய்கிற அநியாயம். எப்படிப் பார்த்தாலும் டேப் நேராக நிற்காது.

இந்தத் தலைவலி நம் ஊருக்குப் புதிதும் அல்ல. சென்னை மாநகராட்சி தொடங்கியது 1688ல். அப்போது செயின்ட் ஜார்ஜ் கோட்டையில் கவர்னராக இருந்தவர் எலிஹு யேல். கிழக்கிந்தியக் கம்பெனி வேலையில் இருந்துகொண்டே சொந்த லாபம் பார்த்தார் என்ற புகார்கள் குவிந்து 1692ல் பதவியிலிருந்து இறக்கப்பட்டார். கம்பெனி அதிகாரிகள் இங்கே யாரிடமும் வெகுமதி வாங்கக் கூடாது என்று பிரிட்டிஷ் பாராளுமன்றம் 1773ல் சட்டமே போட வேண்டியிருந்தது. கோட்டை உங்கள் வீட்டிலிருந்து ஒரு பஸ் தூரம்தானே, அடுத்த தடவை அந்தப் பக்கம் போகும்போது நினைத்துக்கொள்ளுங்கள்.

தம்பியின் டிப்பர் விஷயம். உண்மையில் மொய்யைவிட இதுதான் என்னைக் கவலைப்பட வைக்கிறது. மொய் ஒருநாள் சமாச்சாரம், இது மாதா மாதம் ஓடும். ஊரில் என்ன வாடகையோ அதையேதான் கொடுப்பார், இதில் இனாம் எங்கே என்று தம்பி கேட்பார். பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 165ஆம் பிரிவில் ஒரு உதாரணம் உண்டு. தன் முன்னால் வழக்கு நிலுவையில் வைத்திருக்கும் ஒருவரின் வீட்டை ஒரு கலெக்டர் வாடகைக்கு எடுக்கிறார். 200 ரூபாய் போகக்கூடிய வீட்டுக்கு 50 ரூபாய் வாடகை. அதுவே குற்றம். அந்தப் பிரிவுதான் இப்போது 11ஆம் பிரிவாகக் குடி மாறியிருக்கிறது. மார்க்கெட் வாடகையே என்றால் இந்த உதாரணத்திலிருந்து தப்பிக்கலாம் என்று தோன்றும். ஆனால் மணலி, மாதவரம் பக்கம் எத்தனை டிப்பர் வேலையில்லாமல் வரிசையாக நிற்கிறது என்று தம்பிக்கே தெரியும். அத்தனை வண்டியை விட்டுவிட்டு இந்த வண்டிக்கு மாதம் முழுக்க ட்ரிப் கிடைப்பதே ஆதாயம்தான். வாடகை எவ்வளவு என்பது அப்புறம்.

தம்பி சம்பாதிப்பதை யாரும் தடுக்க முடியாது, அவர் அரசு ஊழியர் இல்லை. உங்கள் டிவிஷனில் ஓடும் எந்த வேலைக்கும் அந்த வண்டி வரக்கூடாது, அவ்வளவுதான். வேறு இடத்தில், வேறு ஆளிடம் ஓட்டட்டும். இந்த மாமாவிடம்தான் ஓட்டுவேன் என்று பிடிவாதம் பிடித்தால், நீங்கள் எழுத்தில் தெரிவித்துவிட்டு மாமாவின் கோப்புகள் எல்லாவற்றிலிருந்தும் விலக வேண்டும். வீட்டார் ஆதாயம் பெறும் கோப்பில் கை வைக்காமல் மேலதிகாரிக்கு அனுப்பிவிடுவதுதான் முறை. கவுன்சிலர்களுக்கும் இதே கதைதான், அவர்களும் சட்டப்படி பொது ஊழியர்கள். மாநகராட்சிக் காண்டிராக்டில் அவர்களுக்குச் சொந்த ஆதாயம் இருந்தால் பதவியே போகும். அதனால்தான் வேலைகள் மச்சான் பேரிலும் ஓட்டுநர் பேரிலும் ஓடுகின்றன என்று நீங்கள் சொல்வீர்கள். தெரியும். நீங்கள் கேட்டது உங்களைப் பற்றி.

சரி, இந்த வாரம் செய்ய வேண்டியது. பில்லைத் தொடாதீர்கள். எம் புக்கில் அவருடைய வேலைக்கு ஒரு வரிகூட எழுதாதீர்கள். செயற்பொறியாளருக்கு முறைப்படி, உங்கள் உதவி செயற்பொறியாளர் வழியாக ஒரு கடிதம் எழுதுங்கள். நீளமாக வேண்டாம், அழுகையும் வேண்டாம். இன்ன தேதியில் என் வீட்டு விசேஷம், இன்ன காண்டிராக்டர் இவ்வளவு மொய்யும் இன்ன எடையுள்ள வெள்ளி விளக்கும் கொடுத்தார், அழைப்பிதழ் குடும்பப் பழக்கத்தில் போனது, இரண்டையும் இன்ன தேதியில் திருப்பிவிட்டேன், அவருடைய பில்களை அளக்கவும் சரிபார்க்கவும் வேறு பொறியாளரை நியமிக்க வேண்டுகிறேன். இவ்வளவு போதும். மொய் நோட்டின் அந்தப் பக்கத்தை நகலெடுத்து இணையுங்கள். நோட்டு உதவும் என்றேனே, இதற்குத்தான். எவ்வளவு வந்தது, எவ்வளவு திரும்பியது என்று யாரும் பிறகு கூட்டிக் குறைத்துச் சொல்ல முடியாது. கடிதத்தைத் தபால் பிரிவில் கொடுத்து, உங்கள் நகலில் தேதியோடு முத்திரை வாங்குங்கள். வாயால் சொல்லி, “சரி சரி, பார்த்துக்கலாம்” என்ற பதிலோடு திரும்பி வராதீர்கள். நாளைக்கு அந்த அதிகாரி மாறிப் போய்விடுவார், அந்த “சரி சரி” எந்தக் கோப்பிலும் இருக்காது.

பணத்தை ரொக்கமாகத் திருப்பாதீர்கள். 10,001ஐயும் உங்கள் கணக்கிலிருந்து அவர் கணக்குக்கு அனுப்புங்கள். ஜிபே என்றாலும் சரி, எதற்கு என்பதை அங்கேயே எழுதுங்கள்.

மாமாவிடம் யார் பேசுவது என்பதுதான் மிச்சம். நீங்கள் பேச வேண்டாம், அப்பா பேசட்டும். “பொண்ணு ரொம்ப ஸ்ட்ரிக்ட்டா இருக்கா” என்கிற தொனியில் பேசினால் மனஸ்தாபம்தான் மிஞ்சும். இது அவருக்கும் ஆபத்து என்பதைச் சொல்லச் சொல்லுங்கள். 2018 திருத்தத்துக்குப் பிறகு, வேலையை முறைகேடாகச் செய்யத் தூண்டும் எண்ணத்தோடு கொடுத்தால் கொடுத்தவருக்கும் 7 வருடம் வரை சிறை உண்டு. அந்த எண்ணம் தனக்கு இல்லை என்று அவர் நிரூபித்துக்கொண்டு கோர்ட்டுக்கும் வீட்டுக்கும் அலைய வேண்டாம். மூத்த காண்டிராக்டர் என்றால் சட்டென்று புரிந்துகொள்வார். புரியாமல், “இப்படி மூஞ்சியில அடிக்கிறியே, பில்லை எப்படிப் பாஸ் பண்ணாம இருக்கேன்னு பாக்குறேன்” என்கிற மாதிரி ஏதாவது வந்தால், அது வேறு கட்டம். அப்போது ஆலந்தூரில் இருக்கும் லஞ்ச ஒழிப்புத்துறை அலுவலகத்துக்கு நீங்களே போகலாம். அந்த அளவுக்கு வராது என்றே நினைக்கிறேன்.

அம்மாவின் விளக்கு. ஏற்றிய விளக்கைத் திருப்பிக் கொடுத்தால் லட்சுமி போய்விடுவாள் என்கிறார், இல்லையா? என் அம்மாவும் அதையேதான் சொல்லியிருப்பார். அவரோடு சட்டம் பேசாதீர்கள். செவ்வாய், வெள்ளி இரண்டையும் விட்டுவிடுங்கள், வியாழக்கிழமை காலையில் கொடுக்கலாம். திரியை எடுத்து, எண்ணெயைத் துடைத்து, பூஜை அறைக்கு வேறு ஒரு விளக்கு, பித்தளையாக இருந்தாலும் சரி, வாங்கி முதலில் ஏற்றச் சொல்லுங்கள். அப்புறம் இதை நகைக்கடையில் எடை போட்டு, சீட்டு வாங்கி, ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு, அப்பாவோடு அலுவலகம் சாராத ஒருவரையும் கூட்டிக்கொண்டு போய் மாமா வீட்டில் கொடுத்துவிட்டு, பெற்றுக்கொண்டேன் என்று ஒரு கையெழுத்து வாங்கி வரச் சொல்லுங்கள். சாப்பிட்டுவிட்டுப் போ என்று நிச்சயம் சொல்வார்கள். அப்பா தாராளமாகக் கை நனைக்கட்டும், அவர் மாநகராட்சி ஊழியர் இல்லை. நீங்கள் மட்டும் அன்றைக்கு வேலைக்குப் போய்விடுங்கள்.